தவ்பாவுக்குப் பிறகு வரும் கணக்கு

இராமநாதபுரம் பகுதியிலுள்ள பனைக்குளத்தில் 1926இல் பிறந்த ஒரு சிறுவன் எட்டு வயதில் தந்தையோடு பம்பாய்க்குப் போனான். முதலில் சைக்கிள் கடையில் எடுபிடி வேலை. பின்னர் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. கப்பலில் வரும் கடிகாரமும் டிரான்சிஸ்டரும் தங்கமும் சுங்கத்தின் கண்ணில் படாமல் கரையேறும் வழிகளை அந்தத் துறைமுகமே அவனுக்குக் கற்றுக்கொடுத்தது. ஹாஜி மஸ்தான் என்ற பெயர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் எப்படி ஒலித்தது என்பது இந்த அவையில் மூத்தவர்களுக்குத் தெரியும். நெருக்கடிநிலைக் காலத்தில் அவர் சிறையில் இருந்தார். வெளியே வந்தபின் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னிலையில் இனிக் கடத்தல் தொழில் செய்வதில்லை என்று உறுதிமொழி எடுத்தார். 1980களில் தலித்துகளையும் முஸ்லிம்களையும் ஒன்றிணைக்கும் அரசியல் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். 1994இல் மறைந்தார்.

அவருடைய மனம் உண்மையில் மாறியதா என்று கேட்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை. மனத்தைப் பார்ப்பவன் ஒருவன்தான் என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. ஆனால் இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் அந்த உறுதிமொழிக்கு மறுநாள் எழும் ஒரு கேள்வியை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விடாமல் கேட்டு வந்திருக்கிறார்கள். தொழிலை விட்டாயிற்று, அந்தத் தொழிலில் வந்த பணம் என்ன ஆகும்? வீடும் நகையும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் அந்தப் பணத்தில்தானே வந்தன? நாளை காலை அடுப்பெரிய எந்தப் பணம்? இந்திய அரசு தன் பங்குக்கு 1976இல் கடத்தல்காரர்களின் சொத்தைப் பறிமுதல் செய்யும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அரசு எடுத்துக்கொள்வது ஒரு வகை. யாரும் கேட்காதபோது ஒருவர் தானே எடுத்து வைப்பது வேறு வகை. காத்திவாக்கத்தில் நிகழும் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் பொருள் அந்த இரண்டாவது வகைதான்.

தொழிலை விடுவது என்றதும் வடசென்னைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. தண்டையார்பேட்டையில் அடங்கியிருக்கும் அந்த ஞானி உற்றார், ஊர், உடைமை எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவர். 1838இல் மறைந்தார். அவருடைய வழி துறவின் வழி. இங்கே பேசப்படும் வழி அதைவிடச் சாதாரணமானது, ஒருவிதத்தில் அதைவிடக் கடினமானது. வட்டிக்கு விடுபவரும் சாராயம் காய்ச்சுபவரும் சீட்டாட்டக் கிளப் நடத்துபவரும் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. அதே தெருவில், அதே மனைவி மக்களோடு, அதே கடைக்காரர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு வேறு வகையில் சம்பாதிக்க வேண்டும். வணிகம் இறைவன் அனுமதித்த காரியம், தடை ரிபாவுக்கு, அதாவது வட்டிக்குத்தான் என்று குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் சொல்வதால், வணிகத்தை விட்டு ஓடுவதற்கு இதில் இடமே இல்லை.

மதீனாவில் மது முழுமையாகத் தடைசெய்யப்பட்ட நாளின் செய்தி ஹதீஸ் நூல்களில் மிகத் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது. அபூதல்ஹா (ரலி) வீட்டில் நண்பர்கள் கூடியிருக்கிறார்கள். பழுக்காத பேரீச்சங்காயிலிருந்து செய்த மதுவை இளைஞரான அனஸ் இப்னு மாலிக் (ரலி) ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். தெருவில் அறிவிப்பாளரின் குரல் கேட்கிறது. சாடிகளை உடைத்துக் கொட்டச் சொல்கிறார் அபூதல்ஹா. மதீனாவின் சந்துகளில் மது ஓடியது. இவ்வளவும் பலர் பயானில் கேட்ட செய்தி. அதே அபூதல்ஹாவைப் பற்றிய இன்னொரு செய்தி அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. அவருடைய பொறுப்பில் சில அநாதைக் குழந்தைகள் இருந்தார்கள். அவர்களுக்கு வாரிசுச் சொத்தாக வந்தது மது. அதை என்ன செய்வது என்று நபிகள் நாயகத்திடம் (ஸல்) போய்க் கேட்டார். கொட்டிவிடச் சொன்னார்கள். காடியாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். அதற்கும் அனுமதி கிடைக்கவில்லை.

அநாதைகளின் சொத்தில் கைவைப்பதைக் குர்ஆன் நெருப்பை விழுங்குவதற்கு ஒப்பாகக் கண்டிக்கிறது. அப்படியிருந்தும் அந்தச் சொத்து மதுவாக இருந்தபோது அவர்களுக்காகக்கூட அதைக் காப்பாற்ற வழி திறக்கப்படவில்லை. பிற்காலச் சட்டவாணர்கள் இந்தக் காடி விஷயத்தில் கருத்து வேறுபட்டார்கள். மதுவைக் காடியாக்கிப் பயன்படுத்தலாம் என்றது ஹனஃபி மத்ஹபு. கூடாது என்றது ஷாஃபி மத்ஹபு. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் ஷாஃபி, உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் ஹனஃபி என்று இருக்கும் தமிழகத்தில், பல ஊர்க்காரர்கள் வந்து சேர்ந்த வடசென்னையில் இரண்டு கருத்துகளையும் ஒரே பள்ளிவாசலில் கேட்கலாம். ஆனால் மதுவை மதுவாகவே விற்று, வந்த காசில் அநாதைகளை வளர்க்கலாம் என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை. நோக்கம் நல்லதாக இருந்தால் வழி எப்படி இருந்தாலும் சரி என்ற வாதம் அபூதல்ஹாவின் வீட்டு வாசலிலேயே முடிந்துபோகிறது. ‘பிள்ளைகள் படிப்புக்காகத்தான் இந்தத் தொழில் செய்கிறேன்’ என்று இன்று சொல்பவர்கள் இந்த நிகழ்ச்சியின் முன் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

சரி, கொட்டக்கூடிய பொருள் என்றால் கொட்டிவிடலாம். பணத்தை என்ன செய்வது?

இந்த இடத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) வருகிறார். 1111இல் தூஸ் நகரில் மறைந்த அவருடைய ‘இஹ்யா உலூமுத்தீன்’ நூலில் ஹலால், ஹராம் பற்றித் தனிப் புத்தகமே உண்டு. தவறான பொருளோடு தவ்பா செய்ய, அதாவது பாவத்திலிருந்து மீள வருபவருக்கு அதில் இரண்டு வேலைகள் சொல்கிறார். முதல் வேலை, தன் பொருளில் எது ஹராம் என்று பிரித்து எடுப்பது. இரண்டாவது, பிரித்ததை உரிய இடத்தில் சேர்ப்பது. உரியவர் தெரிந்தால் அவரிடம். அவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம். தேடியும் ஆள் கிடைக்காவிட்டால் ஏழைகளுக்கு. பாலம், சாலை போன்ற பொதுக் காரியங்களும் அறிஞர்களின் பேச்சில் வருகின்றன. அளவு சரியாகத் தெரியவில்லையா? நேர்மையாக மனம் ஒப்பும் மதிப்பீடு போட்டு எடுக்க வேண்டும்.

கஸ்ஸாலி அங்கே ஃபுளைல் இப்னு இயாளைப் (ரஹ்) பற்றிய ஒரு செய்தியையும் எடுத்துப் பேசுகிறார். ஃபுளைல் 803இல் மக்காவில் மறைந்த பெரும் இறைநேசர். அதற்கு முன் அபீவர்துக்கும் சரக்ஸுக்கும் இடைப்பட்ட பாதையில் வணிகக் கூட்டங்களை மறித்துக் கொள்ளையடித்தவர் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. திருந்தியபின் அவருடைய பேணுதல் எல்லை கடந்தது. முறையற்ற வழியில் வந்தவை என்று தெரிந்த இரண்டு திர்ஹம்கள் கையில் கிடைத்தபோது, தூய்மையானதை மட்டுமே தர்மம் செய்வேன் என்று சொல்லி அவற்றைக் கற்களுக்கிடையே எறிந்துவிட்டாராம். கஸ்ஸாலிக்கு ஃபுளைல்மேல் அளவற்ற மரியாதை உண்டு. ஆனாலும் இந்தச் செயலை அவர் ஏற்கவில்லை. கல்லிடையே எறிந்தாலும் கடலில் எறிந்தாலும் அந்தக் காசு உரியவருக்கும் போகாது, ஏழைக்கும் போகாது. ஏழைக்குக் கொடுத்தால் அவனுடைய பசி தீரும், உரியவருக்கு நன்மை போய்ச் சேரும். கொடுப்பவர் இதில் தர்மத்தின் கூலியை எதிர்பார்க்கக் கூடாது. தனக்குச் சொந்தமில்லாத சுமையை இறக்கிவைக்கிறார், அவ்வளவுதான்.

கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்தத் தீர்ப்பு நன்றாகவே புரியும். எண்ணூர்க் கடலில் எதை எறிந்தாலும் அது எங்கோ ஒரு கரையில் ஒதுங்கி, யாருடைய வலையிலோ சிக்கும். மனச்சாட்சியைக் கழுவ ஒருவர் எறியும் பணமும் அப்படித்தான்.

பணம் எப்படி வந்தது என்பதைப் பொறுத்துச் சேர்க்கும் இடம் மாறும். லஞ்சம், திருட்டு, வட்டி, பெண் வீட்டாரிடம் நெருக்கி வாங்கிய கைக்கூலி ஆகியவற்றில் கொடுத்தவர் பாதிக்கப்பட்டவர். பணம் அவரிடமே திரும்ப வேண்டும். மதுவை விற்று வந்த பணமும் சூதாட்டக் கிளப்பில் வசூலித்த கட்டணமும் வேறு வகை. அங்கே வாங்கியவர் தான் கேட்டதைப் பெற்றுக்கொண்டு விருப்பத்தோடு காசு கொடுத்தார். அந்தக் காசையும் அவரிடமே திருப்பிக் கொடுத்தால் பாவத்தின் பொருளும் அவருக்கு, விலையும் அவருக்கு என்றாகிவிடும். அதனால் அது ஏழைகளுக்குப் போக வேண்டும் என்கிறார் 1350இல் மறைந்த இப்னுல் கைய்யிம் (ரஹ்). முதல் வகைக்குத் தமிழகத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. வரதட்சணைக்கு எதிரான பிரச்சாரம் முஸ்லிம்களிடையே வலுத்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கைக்கூலியை மாமனார் வீட்டில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. ‘வாங்கியது வாங்கியாயிற்று, இனி வாங்க மாட்டோம்’ என்று அவர்கள் நின்றுவிடவில்லை. அவர்களைப் பற்றி இன்னும் அதிகம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இனி இந்த ஊருக்கு வருவோம். அசோக் லேலண்டு வந்த பிறகு எண்ணூரும் காத்திவாக்கமும் சம்பளப் பட்டியலை நம்பி வளர்ந்த ஊர்கள். 1970இல் மின்சாரம் தரத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தை நம்பியிருந்த குப்பங்களின் கதை இன்னும் கடினமானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு முகத்துவாரம் முழுக்கப் படர்ந்தது. வலையும் படகும் நண்டும் இறாலும் கறுத்துப்போயின. அதிகம் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு அரசு தலா 12,500 ரூபாய் அறிவித்தது. நாளுக்கு நூறு என்ற தண்டல் கணக்கில் பார்த்தால் அது 125 நாள் தவணை.

தண்டல் என்றால் என்ன என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என்றாலும் அதன் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். கடன் 10,000 ரூபாய். அதில் 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு கையில் கொடுப்பது 8,500. நாளுக்கு நூறு வீதம் நூறு நாள். நூறு கட்டம் போட்ட ஓர் அட்டை. சாயங்காலம் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் வருபவர் மீன்கூடைக்காரம்மாவிடமும் இட்லிக் கடைக்காரரிடமும் பூக்காரம்மாவிடமும் நூறு நூறாக வாங்கிக்கொண்டு கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். பார்வைக்குப் பதினைந்து விழுக்காடு போலத் தோன்றும். கடன் தினமும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் சேர்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 விழுக்காடு. 2003இல் தமிழக அரசு கொண்டுவந்த அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மூன்றாண்டுவரை சிறைத் தண்டனையும் உண்டு. சட்டம் வந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2017 அக்டோபரில், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் கணவனும் மனைவியும் இரண்டு குழந்தைகளோடு தீக்குளித்தார்கள். நான்கு பேரும் இறந்தார்கள்.

இப்படித் தண்டல் விடும் ஒருவர், முஸ்லிம் ஒருவர் என்றே வைத்துக்கொள்வோம், ஒரு ரமளானில் மனம் உடைந்து ‘இனி இது வேண்டாம்’ என்று முடிவெடுக்கிறார். அவரிடம் இருபது அட்டைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எல்லாம் அறுபதாவது நாளில் நிற்கின்றன. அட்டைப்படி ஒவ்வொருவரும் இன்னும் 4,000 ரூபாய் தர வேண்டும். இருபது பேருக்கு 80,000. இதில் அவர் எவ்வளவு வாங்கலாம்?

குர்ஆனின் பதில் தெளிவானது. தவ்பா செய்தால் மூலதனம் உங்களுக்கு உண்டு, மீதமுள்ள ரிபாவை விட்டுவிடுங்கள், நீங்களும் அநீதி செய்யாதீர்கள், உங்களுக்கும் அநீதி செய்யப்படாது என்பதே அல்பகரா அத்தியாயத்தின் 278, 279ஆம் வசனங்களின் கருத்து. மூலதனம் என்பது அட்டையில் எழுதிய பத்தாயிரம் அல்ல. கையில் கொடுத்தது 8,500. ஒவ்வொருவரிடமிருந்தும் 6,000 வந்துவிட்டது. பாக்கி 2,500. இருபது பேருக்கு 50,000. எண்பதாயிரம் என்று நினைத்திருந்த இடத்தில் முப்பதாயிரம் மறைந்துவிடுகிறது. எண்பத்தைந்தாவது நாளோடு எல்லா அட்டையையும் கிழித்துவிட வேண்டும். அந்த 2,500ஐயும் தர முடியாத நிலையில் யாராவது இருந்தால், அவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது அடுத்த வசனம். தள்ளுபடி செய்தால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது.

கடன் வாங்கியவருக்கு விடுதலை தரும் அதே வசனம் கடன் கொடுத்தவரையும் நடுத்தெருவில் நிறுத்துவதில்லை. ஐம்பதாயிரம் ரூபாய் மூலதனம் அவருடையது என்று அது உறுதியாகச் சொல்கிறது. அதை வைத்து அவர் நாளைக்கு ஒரு கடை போடலாம். ‘ஹராமில் இருந்தவன்தானே, அவனுடைய எல்லாப் பணத்தையும் பிடுங்கு’ என்று கோபத்தில் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனிப்பதில்லை.

கடந்த காலத்தில் தின்ற வட்டிக்கு என்ன கணக்கு என்பதில் அறிஞர்கள் ஒரே குரலில் பேசவில்லை. அறிவுரை வந்தபின் விலகிக்கொண்டவருக்கு முன்பு சென்றது அவருக்கே, அவருடைய காரியம் இறைவனிடம் என்று 275ஆம் வசனம் சொல்வதை வைத்து, தடை என்று தெரியாமல் வாங்கியவருக்கு மன்னிப்பு உண்டு என்கிறார்கள். தெரிந்தே வாங்கியவர் முடிந்தவரை திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பலருடைய நிலைப்பாடு. தெரிந்தே வாங்கியவர்தான் தண்டல்காரர். மீன்கூடைக்காரம்மாவின் வீடு அவருக்குத் தெரியும். எனவே ஆளைக் காணவில்லை என்று சொல்லி அந்தப் பணத்தை எங்கோ ஓர் ஊர்ப் பள்ளிவாசல் மினாராவுக்குக் கொடுத்துவிட முடியாது. மொத்தமாக முடியாவிட்டால் அது அவர்மேல் உள்ள கடன். ஐந்து ஆண்டுகள் தினம் நூறு வாங்கினார் என்றால், இனி மாதம் ஐந்நூறாவது அவர் தவணை கட்ட வேண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) 632இல் அரஃபா பெருவெளியில் ஆற்றிய இறுதிப் பேருரையில் அறியாமைக் கால வட்டி அனைத்தையும் ரத்து செய்தார்கள். அப்போது முதலில் ரத்து செய்தது தம் சிறிய தந்தை அப்பாஸுக்கு (ரலி) மக்களிடமிருந்து வரவேண்டியிருந்த வட்டியைத்தான். அப்பாஸ் செல்வந்தர், வட்டிக்கு விட்டவர். சீர்திருத்தம் தலைவரின் குடும்பக் கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்கியது. ஜமாஅத் தலைவர்களாக இருப்பவர்கள் பள்ளிவாசலுக்கு நன்கொடை வாங்கும் ஒவ்வொரு முறையும் இந்த வரிசையை நினைத்துப் பார்க்க வேண்டும். வட்டித் தொழிலில் ஊறிய பணம் கல்வெட்டில் பெயராகப் பொறிக்கப்பட்டால், தொழிலை விட நினைக்கும் ஏழைத் தண்டல்காரருக்கு அந்தக் கல்வெட்டு என்ன செய்தி சொல்லும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. நாட்டுச் சட்டமும் மார்க்கச் சட்டமும் ஒரே கோட்டில் போவதில்லை. டாஸ்மாக் கடை அரசு நடத்தும் கடை. 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் அரசின் கையில். சட்டப்படி முறையானது, மார்க்கப்படி ஹராம். நடைபாதையில் உரிமம் இல்லாமல் வெள்ளரிப்பிஞ்சு விற்கும் பாட்டியின் நிலைமை நேரெதிர்: மாநகராட்சிக்கு அவர் ஆக்கிரமிப்பாளர், அவருடைய வருமானமோ ஹலால். சூதாட்டத்தில் சட்டத்தின் கோடு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. லாட்டரியைத் தமிழகம் 2003 ஜனவரியில் தடை செய்தது. இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை 2023இல் உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டாலும் ரம்மியையும் போக்கரையும் அதிலிருந்து விலக்கியது. 2025இல் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் நாடாளுமன்றம் தடை செய்தது. நீதிமன்றம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு முஸ்லிமின் கணக்கு மாறுவதில்லை. லாட்டரித் தடை இன்னொன்றையும் காட்டியது. தெருத்தெருவாகச் சீட்டு விற்றுப் பிழைத்தவர்களில் மாற்றுத்திறனாளிகள் பலர். தொழில் ஒரே நாளில் நின்றது. மாற்றுத் தொழில் அதே நாளில் வந்து சேரவில்லை.

துறைமுகத்தை ஒட்டிய ஊரில் கூலி வேலை செய்பவர்களின் கேள்வியைத் தனியாகவே பார்க்க வேண்டும். மது விஷயத்தில் சபிக்கப்பட்டவர்களாக ஹதீஸ் பத்து பேரைச் சொல்கிறது. பிழிபவர், குடிப்பவர், விற்பவர், வாங்குபவர் என்று நீளும் அந்த வரிசையில் சுமப்பவரும் இருக்கிறார். அப்படியென்றால் காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் ஓட்டுபவர் என்ன செய்வது? சீல் வைத்த பெட்டிக்குள் இருப்பது டைல்ஸா, ஒயினா என்று அவருக்குத் தெரியாது. தெரியாததைத் தோண்டித் துருவ வேண்டியதில்லை, சந்தேகத்தையே மார்க்கமாக்கிக்கொள்ளக் கூடாது என்பதில் கஸ்ஸாலி தெளிவாக இருக்கிறார். தெரிந்தே ஏற்றும் கூலிக்காரர் விஷயத்தில் பழைய அறிஞர்களிடையே வேறுபாடு உண்டு. முஸ்லிமல்லாதவருக்காக மது சுமந்து பெற்ற கூலி அனுமதிக்கப்பட்டது என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). அவருடைய இரு பெரும் மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் அதை வெறுத்தார்கள். மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் ஆலிமிடம் வந்து இதைக் கேட்கும்போது, முதலாளிக்குச் சொல்ல வேண்டிய கண்டிப்பை அவர் தலையில் கொட்டுவது நியாயம் ஆகாது. இன்னொரு வேலையை உண்மையாகவே தேடு, கிடைத்ததும் மாறு என்று சொல்லும் ஆலிம் அவரை மார்க்கத்துக்குள் வைத்திருக்கிறார்.

வேலை கிடைக்க வேண்டுமே. எல்லா உபதேசமும் வந்து முட்டுவது அங்கேதான்.

1328இல் திமிஷ்கில் மறைந்த இப்னு தைமிய்யா (ரஹ்) கடுமைக்குப் பெயர் பெற்றவர். தர்காக்களைப் பற்றிய அவருடைய கருத்துகளால் தமிழகத்தில் பலருக்கு அவர்மேல் மனத்தாங்கலும் உண்டு. அவரிடம் ஒரு கேள்வி வருகிறது: உடலை விற்றுப் பிழைத்த பெண்ணும் மது விற்றவரும் தவ்பா செய்துவிட்டார்கள், அவர்கள் ஏழைகள், கையில் இருப்பது அந்தப் பழைய பணம் மட்டும்தான். தேவையான அளவு அந்தப் பணத்திலிருந்தே அவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் பதில் சொல்கிறார். வணிகம் செய்யத் தெரிந்தவர் என்றால், நெசவோ நூற்பு வேலையோ தெரிந்தவர் என்றால், அதற்கான முதலும் அவருக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்கிறார். வயிறு காய்ந்தால் பழைய வாசலுக்கே கால் திரும்பும் என்பதை அந்தக் கடுமையான அறிஞர் அறிந்திருந்தார்.

தமிழக அரசின் மதுவிலக்குத் துறையும் இதே முடிவுக்கு வந்திருக்கிறது. கள்ளச்சாராயத் தொழிலை விட்டுத் திருந்தியவர்களுக்கு மறுவாழ்வு நிதி என்று தலா 30,000 ரூபாய் அளவில் கொடுக்கும் திட்டம் பல ஆண்டுகளாக நடந்தது. பலர் அதில் கறவை மாடு வாங்கினார்கள், சிலர் பெட்டிக் கடை வைத்தார்கள். 1972இல் சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையர்கள் ஜெயப்பிரகாஷ் நாராயணிடம் ஆயுதங்களை ஒப்படைத்தபோதும் நிலமும் மறுவாழ்வும் பேச்சின் ஒரு பகுதியாக இருந்தன. இவ்வளவு செய்தும் 2023 மேயில் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்தது. கள்ளக்குறிச்சியில் மட்டும் இறந்தவர்கள் அறுபதுக்கும் மேல். ஒரு மாட்டின் பால் வருமானமும் ஒரு சாராய ஊறலின் வருமானமும் சமமல்ல. அந்த இடைவெளியை ஊரும் உறவும் நிரப்பாவிட்டால் மாடு விற்கப்பட்டுவிடும்.

ஹலால் என்ற பெயர்ப்பலகையும் அந்த இடைவெளியை நிரப்பாது. பெங்களூரில் ஐ மானிட்டரி அட்வைசரி என்ற நிறுவனம் வட்டி வேண்டாம் என்று நினைத்த முஸ்லிம்களையே குறிவைத்து முதலீடு திரட்டியது. மாதாமாதம் ‘லாபம்’ வந்தது. நட்டம் வந்த மாதம் என்று ஒன்று வந்ததே இல்லை. சந்தேகம் எழ வேண்டிய இடம் அதுதான். 2019 ஜூனில் நிறுவனர் நாட்டைவிட்டு ஓடியபோது பல்லாயிரம் குடும்பங்களின் நகை விற்ற பணமும் கல்யாணத்துக்குச் சேர்த்த பணமும் போயிற்று. வட்டியை விட்டு ஓடிவந்தவர்களை வழியில் மறித்துக் கொள்ளையடித்த செயல் இது. ஃபுளைல் திருந்துவதற்கு முன் செய்ததற்கும் இதற்கும் வித்தியாசம் குறைவு.

நம்பத்தக்க முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. சூரத்தில் பட்னி கூட்டுறவுக் கடன் சங்கம் 1938இல் தொடங்கியது. தேவ்பந்தில் முஸ்லிம் ஃபண்ட் 1961இல் வந்தது. தமிழகத்தில் பல ஜமாஅத்களில் பைத்துல்மால் என்ற பொதுநிதி இருக்கிறது. நகையை அமானத்தாக வைத்துக்கொண்டு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார்கள். வட்டியில்லா வங்கிச் சேவை பற்றி ரகுராம் ராஜன் குழு 2008இல் பரிந்துரைத்தது. 2017இல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைக் கைவிட்டது. எனவே ஊர் மட்டத்தில்தான் வேலை நடக்க வேண்டும். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனில் மூழ்கியவர் ஒருவர். தண்டலில் சிக்கிய மீன்கூடைக்காரம்மா முஸ்லிமாக இருந்தால் அந்த நிதியிலிருந்தே அவரை மீட்கலாம். முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டாருக்கு சதக்கா இருக்கிறது. வங்கிக் கணக்கில் விழும் வட்டியையும் அதற்கே திருப்பலாம். அந்த வட்டியைப் பொதுக் கழிப்பறை கட்ட மட்டும் ஒதுக்கி வைக்கும் பழக்கத்தைவிட இது மேல்.

பைத்துல்மால்கள் நொடித்துப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். கொடுத்த கடன் திரும்பி வருவதில்லை, போய்க் கேட்க ஆளில்லை. இந்த வேலை தண்டல்காரருக்குக் கைவந்த கலை. யார் சனிக்கிழமை தருவார், யார் சாக்குச் சொல்வார், யாருக்கு உண்மையிலேயே முடியவில்லை என்று பாஜார் தெருவின் ஒவ்வொரு வாசலும் அவருக்குத் தெரியும். தொழிலை விட்ட ஒருவரை பைத்துல்மால் மாதச் சம்பளத்துக்கு வசூலாளராக வைத்துக்கொண்டால், அவருடைய பழைய திறமையும் வீணாகாது, அவருக்கு ஹலாலான கூலியும் கிடைக்கும். இருபது அட்டையில் அவருக்கு நூறு நாளைக்கு முப்பதாயிரம், அதாவது நாளுக்கு முந்நூறு ரூபாய்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு நடுத்தர ஜமாஅத்தால் அந்த அளவுச் சம்பளம் கொடுக்க முடியும். நேற்றுவரை வட்டி வாங்கியவனைப் பள்ளிவாசல் சம்பளத்தில் வைப்பதா என்று யாராவது கேட்டால், வணிகக் கூட்டங்களை மறித்த ஃபுளைலை மக்கா ஏற்றுக்கொண்டதை நினைவூட்ட வேண்டும்.

சொந்தமாக வியாபாரம்தான் செய்வேன் என்றாலும் வழி இருக்கிறது. மீன் விற்பவருக்குப் பணமாகக் கடன் கொடுக்காமல், அவருக்குத் தேவையான ஐஸ் பெட்டியையும் தராசையும் தானே 6,000 ரூபாய்க்கு வாங்கித் தன் கைக்குக் கொண்டுவந்து, பின் 7,000 ரூபாய் என்று விலை பேசித் தவணையில் விற்கலாம். தவணைக்காக விலையைக் கூட்டுவதைப் பெரும்பாலான அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். நிபந்தனைகள் கடுமையானவை. பொருள் உண்மையில் இருக்க வேண்டும், முதலில் விற்பவர் கைக்கு வந்திருக்க வேண்டும், பேசிய விலை பிறகு ஏறக்கூடாது. வெறும் பில்லை மட்டும் மாற்றிக்கொண்டால் அது பழைய தண்டல்தான். விற்பவர் ஒழுங்காக இருக்கிறாரா என்பது ஏப்ரல் 15இல் தெரிந்துவிடும். கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிக் காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டப்பட்டதும் மீன்வரத்து குறையும், கூடைக்காரம்மாவின் தவணை நிற்கும். பழைய தண்டல்காரராக இருந்தால் நாளுக்கு நாள் அபராதம் ஏறும். இந்த வியாபாரத்தில் அந்த 61 நாளுக்கு ஒரு ரூபாயும் கூடாது. ஜூன் 15 அன்று படகுகள் மீண்டும் கடலில் இறங்கும்போது அவர் தர வேண்டியது, அந்த 7,000 ரூபாயில் ஏப்ரல் 14 அன்று என்ன பாக்கி இருந்ததோ அதுதான்.